நான் இறக்கிவிட்ட காற்று

எங்கள் பெட்ரோல் பங்கில் போன மாதம் தானியங்கிக் காற்று மெஷின் வைத்திருக்கிறார்கள். எண்ணை அழுத்தினால் அதுவே அடித்து, அதுவே நிறுத்தி, கோழிக்குஞ்சு போலக் கத்தும். அது வந்த மூன்றாம் நாள், நான் விட்டுவந்த இடத்தில் இப்போது நிற்கும் செல்வி போன் செய்தாள்.

"அக்கா, மெஷினு நல்லாத்தான் இருக்கு. ஆளுகதான் சரியில்ல. மதுரையில இருந்து ஓடிவந்த சூட்டோட நிப்பாட்டுறாக. நாப்பது காட்டுது, எறக்கு எறக்குங்காக. நீங்க எப்பிடிச் சமாளிச்சீக?"

"நான் எங்க சமாளிச்சேன்?" என்றேன்.

"வெளையாடாதீக. எழுதியாவது குடுங்க. செவுத்துல ஒட்டிர்றேன்."

சுவரில் ஒட்டத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போது சுவர் போதாது. எனக்கு நேரில் பேச வராது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். எழுதும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாக்கியம். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அருப்புக்கோட்டை பைபாஸ் ஓரத்துப் பங்கில் பத்தொன்பது வருடம் காற்று அடித்தேன். ஒரு காருக்கு நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவை எழ வேண்டும். எந்தப் பிள்ளையாருக்கும் நான் அத்தனை தோப்புக்கரணம் போட்டதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் முட்டி வேலையை ராஜினாமா செய்தது. அது இல்லாமல் நான் மட்டும் போய் என்ன செய்ய என்று நானும் நின்றுகொண்டேன்.

வேலை பழக ஒரு வாரம் ஆனது. அதில் ஐந்து நாள், வால்வின் மூடியைத் தொலைக்காமல் இருக்கப் பழகினேன். கழற்றிய மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை முந்தியில் முடிந்துகொள்வேன். முதல் நாள் வீட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தால் பதினோரு மூடி. "சம்பளத்த இப்பிடியா குடுக்காக?" என்று கேட்டார் விசைத்தறியில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர்.

பங்கில் "காற்று இலவசம்" என்று ஒரு போர்டு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் எல்லோரும் யோசனையையும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெட்ரோல் போடும் பையனிடம், "பெட்ரோலை இப்படிப் போடு, அப்படிப் போடு" என்று யாரும் சொல்வதில்லை. என்னிடம் மட்டும் வண்டி ஓட்டத் தெரியாத மச்சினன்கூட இறங்கிவந்து டயரை ஒரு எத்து எத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு எறக்கும்மா, வெயிலுக்கு வெடிச்சிரும்" என்பார்.

வெயிலுக்கு வெடித்துவிடும் என்பது எங்கள் ஊரில் ஒரு மதம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி எங்கு கேட்டாலும் இதுதான். டயருக்குள் காற்று குறைவாக இருந்தால் வெயிலில் விரிய இடம் இருக்குமாம். உண்மை தலைகீழ். காற்று குறைந்த டயர் தரையில் சப்பிக்கொண்டு ஓடும். நசுங்கி நிமிர்ந்து, நசுங்கி நிமிர்ந்து பக்கவாட்டில் சூடேறும். அப்படித்தான் வெடிக்கும். வெயிலுக்குப் பயந்து இறக்கியவன் வெயிலையே டயருக்குள் ஏற்றிக்கொண்டு போகிறான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் மேனேஜர் கமால் பாய். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். வளைகுடா நாட்டில் ஒரு டயர்க் கடையில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். பாலைவனத்தில் மதியம் மூளை உருகும், விடியற்காலையில் பல் கிட்டும் என்பார். மார்கழி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணி வரை ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருப்பார். பங்குக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் ஏது குளிர் என்று நீங்களும் சிரிப்பீர்கள். கரிசல் காட்டில் மழை பெய்து முடிந்த மார்கழியில், விடியற்காலை ஐந்து மணிக்கு மொபெட்டில் ஒரு தடவை போய்விட்டு வந்து சிரியுங்கள்.

பாய் அதிகம் பேசமாட்டார். டீயை டம்ளரில் ஆறவைத்துக்கொண்டே, டீயிடம் சொல்வதுபோல்தான் நம்மிடம் சொல்வார். மேஜை டிராயரில் கைக்குட்டையில் சுற்றி, காற்றை அளக்கும் கேஜ் ஒன்று வைத்திருப்பார். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, இரவு முழுவதும் பங்கில் நின்ற அவருடைய பழைய காரில் முதலில் அந்தக் கேஜை வைப்பார். பிறகு என் கேஜை வைக்கச் சொல்வார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் தலையை ஆட்டுவார். காட்டாவிட்டால் என் கேஜைக் குப்பையில் போடுவார். எனக்குத் தெரிந்து அவர் கோபப்பட்டது கேஜிடம் மட்டும்தான்.

வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் விரலில் எச்சில் தொட்டு வைப்பார்கள். நானும் வைத்தேன். பாய் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, வண்டிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டி வச்சிருக்காக. அதுல போயி எச்சிய வைக்கிறியே."

மறுநாள் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி, சோப்புத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். ஒரு சொட்டு விட்டால் போதும். கசிந்தால் முட்டை விடும்.

அவர் சொன்ன பெரிய பாடம் இதுதான். எங்கள் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு கிடையாது என்பதால் யாருக்கும் விளங்கும்.

"ரத்தத்துல சுகர் பாக்கப் போனா, சாப்பிட்டியா சாப்பிடலையான்னு கேப்பாகள்ல? ஓடாத டயரு வெறும் வயிறு. ஓடிவந்த டயரு பிரியாணி தின்ன வயிறு. கதவுல ஒட்டியிருக்க சீட்டுல முப்பத்திமூணுன்னு போட்டிருந்தா, அது வெறும் வயித்துக் கணக்கு."

அதனால் கேஜை எடுப்பதற்கு முன்னால், "எங்கேருந்து வாரீக?" என்று கேட்க வேண்டும். பக்கத்துத் தெரு என்றால் அளக்கலாம். மதுரை என்றால் எண் ஆறேழு கூடத்தான் காட்டும். அது டயரின் காற்று இல்லை, ரோட்டின் சூடு. "சூட்டுல கொறைவா காட்டுனா ஏத்தலாம். கூடக் காட்டுதுன்னு எறக்கக் கூடாது. எறக்குனா மறுநாள் விடியக்காலையில டயரு பட்டினி கெடக்கும். குளுரு நாள்னா ரெம்பப் பட்டினி."

எல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறக்காது, அவ்வளவுதான். "எங்கேருந்து வாரீக?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு, பானட்டில் கையை வைத்துச் சூட்டைப் பார்ப்பேன். "எறக்கு" என்று சொல்லிவிட்டால், இறக்குவதுபோல் வால்வை ஒரு நொடி சீறவிட்டு மூடியைத் திருகிவிடுவேன். பத்தில் எட்டுப் பேர் அந்தச் சத்தத்திலேயே திருப்தியாகிவிடுவார்கள். மீதி இரண்டு பேர் குனிந்து கேஜைப் பார்ப்பவர்கள்.

வீரபெருமாள் அய்யா குனிந்து பார்ப்பவர்.

பரளச்சிப் பக்கத்துக் கிராமத்தில் மிளகாயும் கொத்தமல்லியும் போடுகிற பெரிய சம்சாரி. பங்கில் எல்லோருக்கும் தெரிந்தவர். அந்த வருடம்தான் எட்டுப் பேர் உட்காரும் புதுக் காரை அவருடைய மகன் வாங்கிக் கொடுத்திருந்தார். அரைப் பரீட்சை லீவு. ஞாயிற்றுக்கிழமை மதியம், சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்த மகள், மருமகன், பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நேராக வந்து என் முன்னால் காரை நிறுத்தினார்.

"நாளைக்கு விடியக்காலம் கொடைக்கானலு. நாலையும் பாத்து விடு."

வருடம் முழுக்க வெயிலில் காய்கிறவர்கள், குளிரைப் பார்க்க வண்டி கட்டிப் போவது நியாயம்தான். கேஜை வைத்தேன். நாற்பது.

"நாப்பதா! ஷோரூம்காரன் பூராப் பயலும் கிறுக்கனா இருக்கான். வெயிலு ஊருல நாப்பது வச்சா என்னத்துக்காகும்? முப்பதுக்கு எறக்கு."

வெறும் வயிற்றுக்கு அது முப்பத்து மூன்று. ஷோரூம்காரர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். அன்றைக்குப் பாய் வேலையாகத் தூத்துக்குடி போயிருந்தார். பின்னால் ஏழெட்டு வண்டி ஹாரன் அடிக்கிறது. என் வழக்கப்படி ஒரு நொடி சீறவிட்டேன். அய்யா வேட்டியை மடக்கிக்கொண்டு என் பக்கத்திலேயே குந்திவிட்டார்.

"முப்பத்தொம்பதுதான் ஆயிருக்கு. எறக்கு, எறக்கு."

இறக்கினேன். நாலு டயரிலும், அவர் கண்ணெதிரே, துல்லியமாக முப்பது. எனக்குத் தெரிந்தே செய்தேன். "சூட்டுல எறக்கக் கூடாது அய்யா." நாலே வார்த்தை. அதில் ஒரு "கூடாது". அது வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விடிந்தால் அந்த டயர்களில் இருபத்தைந்துகூட இருக்காது. அதில் பத்துப் பேர், மூட்டை முடிச்சு, நாலுவழிச் சாலையில் மருமகன் காலை எடுக்காமல் அழுத்துவார், அப்புறம் மலை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அவரு சொன்னாரு, நீ எறக்குன. ஓம் மேல என்ன தப்பு?"

"எனக்குத் தெரியுமே. அவருக்குத் தெரியாதுல்ல."

"அப்ப போனப் போடு."

டீசல் வாங்குகிறவர் என்பதால் பங்கில் அவருடைய நம்பர் இருந்தது. அப்போதே பங்கில் வேலைக்கு இருந்த செல்வியிடம் கேட்டு வாங்கினேன். ஏழு மணிக்குப் போட்டேன். மணி அடித்தது. "யாரு?" என்றார் அய்யா. பின்னால் பிள்ளைகள் ஆடுகிற சத்தம். "யாருங்கேன்?" என்றார் மறுபடி.

"ராங் நம்பரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "போன் போட்ட ஆளே ராங் நம்பருன்னு சொல்லி இப்பத்தான்டி கேக்கேன்."

நேரில் போய்விடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. கேட்பதற்குக் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் நேரில் போனால் நான் பேச வேண்டியதில்லை. கேஜை வைத்துக் காட்டினால் போதும், எண் பேசிக்கொள்ளும். கரண்ட் இல்லாத நாளுக்கென்று பங்கில் காலால் மிதிக்கிற பம்பு ஒன்று உண்டு. உடனே போய் யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை நாலரைக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் தலையில் துண்டைக் கட்டி, அதற்கு மேல் குரங்குக் குல்லா மாட்டி மொபெட்டை ஓட்டினார். நான் பம்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பனி. ரோட்டின் இரண்டு பக்கமும் மல்லிக் காடு இருப்பது வாசத்தில்தான் தெரிந்தது.

"பால் ஊத்த வீடு வீடாப் போவாக, பேப்பர் போடப் போவாக. காத்தடிக்க வீடு தேடிப் போற மொத ஆளு நீதான்டி" என்றார்.

"பேசாம ஓட்டுங்க. பனி வாய்க்குள்ள போவுது."

"போவட்டும். ஒனக்குப் பதிலா அங்கன வந்து நான்தான பேசணும்? தொண்டைய நனைச்சுக்கிறேன்."

போய்ச் சேரும்போது கிளம்பத் தயாராக நின்றார்கள். காருக்கு மாலை, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். பிள்ளைகள் ஐந்து பேரும் ஸ்வெட்டருக்குள் மூட்டைபோல் இருந்தார்கள். அய்யா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகு காலம்.

"ஏத்தா, நீ பங்குல நிக்கிற புள்ளதான? என்ன இந்நேரத்துல?"

எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் குல்லாவைக் கழற்றினார். "அய்யா, இவளுக்குக் காத்து பாக்கணுமாம்."

சென்னை மருமகன் சிரித்துவிட்டார். "என்ன மாமா, உங்க ஊர்ல காத்துக்குக்கூட டோர் டெலிவரியா?"

"நேத்துத்தான பாத்த? முப்பது வச்சேம்ல?" என்றார் அய்யா.

நான் போய் முன் டயரின் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைக் கழற்றிக் கேஜை வைத்தேன். எதிர்பார்த்தபடியே அய்யாவும் குந்தினார். இருபத்து நாலு.

"முப்பது எங்க போச்சு? ராத்திரி எவனும் வந்து புடுங்கி விட்டானா?"

அடுத்தது இருபத்து நாலு. பின்னால் ஒன்று இருபத்து மூன்று. கடைசியாகப் பின் இடது டயர். கேஜின் முள் பதினைந்தில் போய் நின்றது. நம்பாமல் எடுத்து மறுபடி வைத்தேன். பதினைந்தேதான். இதை நான் எதிர்பார்த்து வரவில்லை.

மருமகன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். "போற வழியில பங்க்ல அடிச்சுக்கலாம் மாமா. நேரமாகுது. ஏறுங்க எல்லாரும்."

பிள்ளைகள் கதவைத் திறந்தார்கள்.

"ஏறாதீக!"

தெருவில் ஒரு நாய் எழுந்து நின்றது. யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான். கத்தியது கத்தியாகிவிட்டது என்று தொடர்ந்தேன். "ஒருத்தரும் ஏறாதீக. சாவிய எடுங்க. இந்த டயரோட தெரு முக்குத் தாண்டக் கூடாது."

அய்யாவின் சம்சாரம் வாசல் தெளிக்க வைத்திருந்த வாளியைத் தூக்கிவந்தார். டயரை நனைத்தோம். காரை ஒரு முழம் உருட்டி மறுபடி நனைத்தோம். நசுங்கிய எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்னதாக முட்டை விட்டது. சீமைக் கருவேல முள். தலை ஒடிந்து உள்ளே உட்கார்ந்திருந்தது.

முள்ளுக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் மற்ற மூன்றையும் பட்டினி போட்டது நான். அதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவே கேட்டார். "இது முள்ளு, சரி. மத்ததுல காத்து எங்க போச்சு?"

"ஓடிவந்த சூட்டுல கூடக் காட்டும்மா. ஆறுனா கொறையும். நேத்து எறக்கியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எறக்கிட்டேன்."

அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். "ஈர வத்தல நிறுத்தா எடை கூடத்தான காட்டும்? யேவாரி ஈரம்னு சொன்னா காயப்போட்டு நிறுப்பீக. டயருக்கு மட்டும் அவசரமாக்கும்?"

அய்யா ஸ்டெப்னியை எடுக்கச் சொன்னார். மாற்று டயரான ஸ்டெப்னி, பெண் கொடுத்த வீட்டுப் பெரிய மாமா மாதிரி. தேவை வந்தால்தான் ஆள் இருக்கிறாரா என்றே பார்ப்பார்கள். கேஜை வைத்தேன். துல்லியமாக முப்பத்து மூன்று. அந்தக் காரில் யாரும் யோசனை சொல்லாத ஒரே டயர் அதுதான்.

மருமகனும் என் வீட்டுக்காரரும் அதை மாட்டினார்கள். மற்ற மூன்றுக்கும் பம்பு. காலால் மிதித்து ஒரு கார் டயரில் ஒன்பது எண் ஏற்றுவது என்ன வேலை என்று மிதித்தவர்களுக்குத் தெரியும். மருமகன் நூறு மிதித்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினார். பிள்ளைகள் முறைபோட்டு மிதித்தார்கள். கொடைக்கானலுக்கென்று வாங்கிய ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகத் திண்ணையில் குவிந்தன. கடைசி டயருக்கு அய்யாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

மிதித்துக்கொண்டே என்னைப் பிடித்தார்.

"ஏத்தா, சூட்டுல எறக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அய்யா."

"பெறகு ஏன் எறக்குன?"

"நீங்க சொன்னீக."

"நான் சொன்னா?" மிதிப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு நிஜமாகவே கோபம். "நான் ஆயிரஞ் சொல்லுவேன். எனக்கு மொளகாயத் தெரியும், டயரத் தெரியுமா? வேலை தெரிஞ்சவ நீதான? எவன் சொன்னாலும் கேக்கலாமா?"

நேற்று குந்தி உட்கார்ந்து கேஜைப் பார்த்த மனிதர் இவர்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "முப்பத்திமூணு ஆயிருச்சு, போதும் அய்யா" என்றேன். ஏழு இருபதுக்குக் கார் கிளம்பியது. அவசரத்தில் எலுமிச்சம்பழம் புதிதாக வைக்க மறந்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்குப் பங்கில் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறக்கியதையும், பம்பை எடுத்ததையும். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது. பாய் டீயை ஆற்றினார். குடித்தார். "மத்தியானம் எறக்குனதுக்கு ஒன்னய வீட்டுக்கு அனுப்பணும். விடியக்காலம் போனதுக்கு அனுப்பக் கூடாது. நான் என்ன செய்ய?" என்று டம்ளரிடம் கேட்டார். டம்ளர் என்ன சொன்னதோ, "பம்பத் தொடச்சு வையி" என்று எழுந்துபோனார்.

செல்வி, நீ கேட்டதற்குப் பதில் இனிமேல்தான் இருக்கிறது. திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. ஆளுகள் திருந்த மாட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் அதே கார் வந்தது. கொடைக்கானலிலிருந்து நேராக வருகிறார்கள். பிள்ளைகள் தூங்குகிறார்கள். வரிசையில் ஐந்தாறு வண்டி நிற்கிறது. அய்யா இறங்கிவந்தார். "எங்கேருந்து வாரீக?" என்று சத்தமாகவே கேட்டேன். கேஜை வைத்தேன்.

குந்திப் பார்த்தார். "முப்பத்தொம்பது! மலையில இருந்த வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. இங்கன வெயிலு. கொஞ்சம் எறக்கு."

"மாட்டேன் அய்யா."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அய்யாவின் முகம் சிவந்துவிட்டது. "மாட்டியா? நான் சொல்லுதேன், நீ கேக்க மாட்ட?"

"எவன் சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு சொன்னாக."

"எவன் அப்பிடிச் சொன்னவன்?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். காருக்குள்ளிருந்து அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு மருமகன். அய்யா என்னிடமிருந்து மூடியைப் பிடுங்கி, அவரே குனிந்து வால்வில் திருகினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், பின்னால் நின்ற வண்டிக்காரரிடம் போய் ஜன்னலைத் தட்டினார்.

"ஏலே, நீ எங்கேருந்து வார?"